வேர்க்காத ஓட்டக்காரன்

விடியற்காலம் நாலரை மணிக்கு, ஒரகடம் மேம்பாலத்தின் விளக்குகள் இன்னும் அணையாமலும், நைட் ஷிப்ட் முடியாமலும், முதல் ஷிப்டுக்கு ஆளேற்றும் கம்பெனி பஸ்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கியும் இருக்கிற அந்த வேளையில், என் வீட்டில் இரண்டு ஜீவன்கள் ஓடுவதற்கு ஆயத்தமாகின்றன. ஒன்று நான், மற்றொன்று, உடம்பின் சாம்பல் நிறத்தைக் கண்டு என் தாயார் சாம்பு என்று பெயர் வைத்த கடுவன் பூனை. அவன்தான் முதலில் ஓடுவான். கூடத்து மூலையில் பதுங்கி, இடுப்பை இரண்டு தடவை அசைத்து, வில்லிலிருந்து விடுபட்ட அம்பு போலப் புறப்பட்டு, அடுக்களை வாசலில் நகம் பதித்துத் திரும்பி, மாடிப்படிகளை நாலு நாலாகத் தாவி ஏறி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, போன வழியே இறங்கி என் காலடியில் வந்து நிற்பதற்கு இருபது வினாடிக்கு மேல் ஆகாது. அத்துடன் அவனுடைய ஓட்டம் முடிந்தது. கால்களை நீட்டிப் படுத்து, முன்னங்காலை நக்கத் தொடங்கிவிடுவான். நான் ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டு வல்லக்கோட்டை செல்லும் சாலையில் மூன்று கிலோமீட்டர் போய், அதே தூரம் திரும்பி வருகிறேன். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.

இவ்விரண்டு ஓட்டங்களையும் நாள்தோறும் அடுத்தடுத்துக் காண்கிறவனுக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. 2009ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்தில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் கடந்தாரே, அந்த ஓட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு 38 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வீட்டுப் பூனையோ உயிருக்கு அஞ்சி ஓடும்போது 48 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடியது. உலகத்தின் அதிவேக மனிதனையே பின்னே விட்டுவிடத் தக்க பிராணி அரை நிமிஷத்தில் ஓய்ந்துபோவதும், அந்த வேகத்தில் ஆறில் ஒரு பங்கை மட்டுமே எட்டுகிற நடுத்தர வயதுக் குடும்பஸ்தன் முக்கால் மணி நேரம் இடைவிடாமல் ஓடுவதும் எங்ஙனம் சாத்தியம்? பூனை சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம்; எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்கிறார்கள். அது அநியாயமான தீர்ப்பு என்பதைக் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு உத்தியோகம் எஞ்சின் சோதனைப் பிரிவில். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையிலே ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கிய காலந்தொட்டு, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் தொழிற்சாலை, பின்னர் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை என்று வரிசையாக வளர்ந்துவிட்ட இந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், எஞ்சினைப் பற்றி இரண்டு வார்த்தை பேசத் தெரியாத வீடு அபூர்வம். எஞ்சினுடன் பழகியவர்கள் யாவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு: எரிபொருளின் சக்தியில் பெரும்பகுதி சக்கரத்தைச் சுழற்றுவதற்குப் போகாமல் வெறும் சூடாகவே வெளிப்படுகிறது, ஆகையால் ஓர் எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பது அதன் பலத்தைப் பொறுத்ததாயினும், எவ்வளவு நேரம் சுழலும் என்பதை நிர்ணயிப்பது ரேடியேட்டர். கூலன்ட் குழாயில் ஒரு கசிவு நேர்ந்து, காட்டியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டால், எப்பேர்ப்பட்ட எஞ்சினையும் அடுத்த நிமிஷம் நிறுத்தியாக வேண்டும்.

மனித தேகத்தையும் அந்தச் சோதனை மேடையில் ஏற்றிப் பார்ப்போம். ஓடுகிற மனிதன் தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவழிக்கிறான். எடை 60 கிலோ, தூரம் 6 கிலோமீட்டர் என்றால் செலவு 360 கிலோகலோரி. இதில் வேலையாக மாறுவது நாலில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. எஞ்சிய 270 கிலோகலோரியும் உஷ்ணம். இந்த உஷ்ணம் வெளியேற வழியின்றி உடம்பிலேயே தங்குமானால், தேகத்தின் உஷ்ணநிலை 37 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கும் மேலே ஏறிவிடும். அது மூளை தாங்கக்கூடிய எல்லையன்று. நான் ஆறாவது கிலோமீட்டரைக் காணாமலே சாலையோரத்தில் விழ வேண்டியவன். அவ்வாறு நேராமல் என்னை நாள்தோறும் காப்பது வேர்வை. மனிதத் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வேர்வைச் சுரப்பிகள் பரவியிருக்கின்றன. ஒரு கிராம் வேர்வை ஆவியாகிப் போகும்போது ஏறக்குறைய 580 கலோரி உஷ்ணத்தைத் தன்னுடன் கொண்டுபோகிறது. கணக்குப் போட்டால், என் காலை ஓட்டத்தின் உஷ்ணம் முழுவதையும் கழற்றிவிட அரை லிட்டருக்கும் குறைவான வேர்வை போதும். பனியன் நனைந்து முதுகில் ஒட்டுகிறபோது அலுப்புத் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த ஈரம் இல்லையேல் ஓட்டமே இல்லை.

இங்கே எங்கள் ஊரின் புழுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கூட ஓடுகிற நண்பர்கள், “காலையில் காற்றின் ஈரப்பதம் தொண்ணூறு விழுக்காடாம், மத்தியானம் ஐம்பதுதானாம்; வேர்வை காய மத்தியானமே மேலல்லவா?” என்று கைப்பேசியைப் பார்த்துக் கேட்பதுண்டு. இந்த விழுக்காடு என்பது, அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் சொல்லுமேயன்றி, நீராவியின் அளவைச் சொல்லாது. 27 டிகிரியில் 90 விழுக்காடு என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி; 37 டிகிரியில் 50 விழுக்காடு என்றால் 22 கிராம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நனைந்த தோலை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்திலோ 40 கிராம் அளவுக்கு நீராவி நிறைந்திருக்கிறது; மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வது போல, அங்கிருந்து அது வெளிக்காற்றுக்குப் போவது காலையிலும் மத்தியானத்திலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடக்கிறது. ஆனால் மத்தியானத்தில் வெயில் மேலே விழுகிறது. காற்றும் தோலைக் காட்டிலும் சூடாகிவிடுவதால், குளிர்விக்க வேண்டிய காற்றே உஷ்ணத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. போதாக்குறைக்கு, மனித தேகத்தின் உஷ்ணநிலை இருபத்துநாலு மணி நேரத்தில் மிகவும் தாழ்ந்திருப்பது விடிவதற்குச் சற்று முந்திய வேளையில்தான். அப்போது புறப்படுகிறவனுக்குச் சூடேற அதிக இடம் மிச்சமிருக்கிறது. நாலரை மணிக்கு எழுவதில் உள்ள நியாயம் இதுதான். பூனை அந்த நேரத்தைப் பரம்பரையாகவே அறிந்திருக்கிறது. அந்தியும் விடியலும் அதன் வேட்டைப் பொழுதுகள்.

இனிச் சாம்புவைச் சோதனை மேடைக்கு அழைப்போம். பூனையின் தேகம் ரோமத்தால் மூடியது. வேர்வைச் சுரப்பிகள் குளிர்விக்கும் காரியத்துக்கு இருப்பது அதன் பாதங்களின் அடிமெத்தையில் மட்டுமே. இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் கண்ணால் கண்டேன். சென்ற கத்திரி வெயிலில் ஒரு நாள், ரேபீஸ் தடுப்பூசி போடுவதற்காக அவனை மூடி போட்ட கூடையில் வைத்து, வழியில் மிரளக் கூடாதே என்று கூடையைத் துண்டால் சுற்றி, ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் போய்க்கொண்டிருந்தேன். பதினொரு மணி, சாலையில் கார் ஏற்றிய டிரெய்லர்களின் நெரிசல். பாதி வழியில் துண்டை விலக்கிப் பார்த்தபோது, சாம்பு வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, நாயைப் போல இளைத்துக்கொண்டிருந்தான். அதுவரை அவன் வாய் திறந்து மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. மனம் பதறிப்போய், ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, ஒரு புளியமரத்து நிழலில் இறங்கி, துண்டை நனைத்து அவன் காதுகளையும் பாதங்களையும் வயிற்றையும் துடைத்துவிட்டு, விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கால் மணிக்குப் பிறகுதான் வாயை மூடினான். நாய் இளைப்பது இயல்பு, பூனை இளைத்தால் அது அபாயக் குறி என்று மருத்துவர் சொன்னார். காற்று புக வழியில்லாமல் துண்டைச் சுற்றிய தவறு என்னுடையது. எவர்சில்வர் மேஜையின் மேல் அவனை நிறுத்தி ஊசி போட்டு எடுத்தபோது, அவன் நின்ற இடத்தில் நாலு சின்னஞ்சிறு ஈரத் தடங்கள் பளபளத்தன. பூனையின் ரேடியேட்டர் முழுவதும் அவ்வளவுதான்.

ஆயினும் அதற்கு இன்னொரு வழி உண்டு. எந்நேரமும் உடம்பை நக்கிக்கொண்டிருக்கிறதே, அது வெறும் சுத்தம் செய்வதற்கு மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். எச்சில் ரோமத்தில் படிந்து ஆவியாகும்போது, நமக்கு வேர்வை செய்கிற உபகாரத்தை அது பூனைக்குச் செய்கிறது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பூனை நாக்கை உருப்பெருக்கி ஆராய்ந்து, அதன் மேலுள்ள முட்கள் ஒவ்வொன்றின் நுனியிலும் அகப்பை போன்ற ஒரு குழி இருப்பதைக் கண்டறிந்தார்கள். வாயின் எச்சிலை அந்தக் குழி முகந்துகொண்டு, ரோமத்தின் அடர்த்தியை ஊடுருவி, தோல் வரையில் கொண்டு சேர்க்கிறது. பெயிண்ட் ஷாப்பில் தூரிகையையும் தெளிப்பானையும் ஓயாமல் பார்த்த என் நண்பர் ஒருவருக்கு இதைச் சொன்னபோது, அவர் வெகுநேரம் சாம்புவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஓடிக்கொண்டே நக்க முடியாது. ஓடிக்கொண்டே இளைக்கவும் முடியாது: பூனை பாயும்போது முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிர, அந்த அசைவோடு மார்புக்கூடும் சுருங்கி விரிய, ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று சுவாசம் கட்டுண்டுபோகிறது. இரண்டு காலில் நிமிர்ந்து ஓடும் மனிதனுக்கு அந்தக் கட்டு இல்லை. வேண்டியபடி மூச்சை இழுத்து விடலாம்.

இதோடு விஷயம் முடிந்தது, பூனை நிற்பதற்குக் காரணம் சூடே என்று நானும் சில காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு ஓர் ஆதாரமும் இருந்தது. 1973இல் டெய்லர், ரௌன்ட்ரீ என்ற இரு விஞ்ஞானிகள் பூனையின் பெரிய உறவினமான சிவிங்கிப்புலியை ஓடுபொறியின் மேல் ஓடவிட்டுப் பார்த்தபோது, உடம்புச் சூடு 40.5 டிகிரியை எட்டியதும் அது ஓட மறுத்துவிட்டது. இந்த முடிவு நாற்பது ஆண்டுக் காலம் புத்தகங்களில் நிலைபெற்றிருந்தது. 2013இல் ஆப்பிரிக்காவில், காட்டில் தம் இச்சைப்படி வேட்டையாடும் சிவிங்கிப்புலிகளின் உடம்பில் சிறு கருவிகளைப் பொருத்திப் பார்த்தவர்கள் வேறு விதமாகக் கண்டார்கள்: துரத்தலை நிறுத்தும் நேரத்தில் அவற்றின் சூடு அவ்வளவொன்றும் ஏறியிருக்கவில்லை, வேட்டை முடிந்த பிறகுதான் ஏறியது. அப்படியானால் சில வினாடியில் நிறுத்துவது எது? தசை. பாய்ச்சலுக்கு வேண்டிய சக்தியை உடனடியாகத் தருவது, பிராணவாயுவுக்குக் காத்திராமல் எரியும் ஒரு சிறு சேமிப்பு. அது வினாடிக் கணக்கில் தீர்ந்துவிடும். பூனையின் கெண்டைக்காலில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. உள்ளே இருப்பது முற்றிலும் மெதுவாகச் சுருங்கும் இழைகளால் ஆனது. நிற்பதும் நடப்பதும் அதன் வேலை. மேலே இருப்பதில் பெரும்பாலும் விரைவிழைகள். தாவலும் பாய்ச்சலும் அதன் வேலை. சாம்பு மதில் மேல் மணிக்கணக்கில் நடந்து திரிவதைப் பாருங்கள், களைப்பே தெரியாது. பாய்ந்து ஓடிய மறு நிமிஷம் படுத்துவிடுகிறான். முடிவாகப் பார்த்தால், நிற்கச் சொல்வது தசை. நின்ற பின்னரும் வெகுநேரம் எழவிடாமல் வைப்பது உஷ்ணம்.

நம் கால்களின் அமைப்பு வேறு. டென்னிஸ் பிராம்பிள், டேனியல் லிபர்மன் என்ற இரு பேராசிரியர்கள் 2004இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரை ஒன்றில், நீண்ட தூரம் ஓடுவதற்கென்றே மனித தேகம் பல லட்சம் ஆண்டுகளில் செதுக்கப்பட்டது என்று வாதித்தார்கள். குதிகாலின் மேலுள்ள பருத்த தசைநாண் ஒவ்வோர் அடியிலும் சுருள்வில்லைப் போல இழுபட்டு, அந்த அடியின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வரை சேமித்து, அடுத்த அடிக்குத் திருப்பித் தருகிறது. உள்ளங்காலின் வளைவும் தன் பங்குக்கு அவ்வாறே செய்கிறது. உச்சி வெயிலில், ரோமம் மூடிய மிருகங்கள் சூடேறித் தளரும்வரை பின்தொடர்ந்து ஓடியே நம் மூதாதையர் வேட்டையாடினர் என்பது அவர்கள் கருத்து. அதை எல்லா அறிஞரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆயினும் வல்லக்கோட்டைச் சாலையில் நாலாவது கிலோமீட்டருக்குமேல் மூச்சு ஒரு தாளத்தில் அமைந்து, கால்கள் தாமே போகிற அந்த நிலையை அடைந்தவர்களுக்கு, இந்த உடம்பு இதற்காகத்தான் அமைந்ததோ என்ற எண்ணம் வராமல் போகாது.

எரிபொருளிலும் எங்களுக்குள் பேதம் உண்டு. நான் புறப்படுமுன் ஒரு வாழைப்பழம் தின்கிறேன். மாச்சத்தைத் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்து, ஓடும்போது எடுத்துச் செலவழிக்க நம் உடம்புக்குத் தெரியும். சாம்பு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுவான். பூனையினத்துக்கு இனிப்பை உணரும் மரபணுவே பழுதாகிவிட்டது என்பது 2005இல் தெரியவந்தது. சர்க்கரை அதன் நாக்குக்கு மண். என் தாயார் சைவ உணவுக்காரராதலால், ஆரம்பத்தில் அவனுக்குத் தயிர்சாதமே பிசைந்து வைத்தார்; அவனும் பசிக்குத் தின்றான். ஆனால் பூனைக்கு டாரின் என்ற சத்து அவசியம். அதைத் தன் உடம்பில் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள அதனால் இயலாது. மாமிசத்திலும் மீனிலுமிருந்தே பெற்றாக வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும். இருதயமும் தளர்ந்து பெருத்துவிடும் என்பதை 1987இல் அமெரிக்க மருத்துவர்கள் நிரூபித்தார்கள். இதைக் கேட்ட என் தாயார், தாம் தொடாத மத்தி மீனை வேகவைக்க எனக்குத் தனிச் சட்டி ஒன்று வாங்கித் தந்தார். தயிர்சாதம் மட்டும் போட்டுப் பூனை வளர்க்கிற வீடுகள் நம்மில் அநேகம். அன்பில் குறையில்லை, ஆயினும் அந்தப் பூனைகளின் கண்ணும் இருதயமும் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கக் கூடும்.

சூட்டுக்கு இத்தனை அஞ்ச வேண்டிய பிராணி, சூடான இடத்தையே தேடிப் போவது விசித்திரம்தான். பாலைநிலத்துக் காட்டுப் பூனையின் வம்சமாதலால், அசையாதிருக்கும்போது 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமே அதற்குச் சுகம். இப்போதுதான் வந்து நின்ற காரின் பானெட்டின் மேலும், சில வேளை எஞ்சினுக்கு அருகிலேயும் போய்ச் சுருண்டுகொள்கிறது. குளிர்காலத்தில் இவ்வாறு உள்ளே புகுந்த பூனைகள் சிதைந்துபோவதைத் தடுக்க, வண்டியைக் கிளப்புமுன் பானெட்டைத் தட்டுங்கள் என்று ஜப்பானில் நிஸ்ஸான் நிறுவனம் ஓர் இயக்கமே நடத்தியது. ‘நெகோ பான் பான்’ என்று அதற்குப் பெயர், ‘நெகோ’ என்றால் பூனை. நம் ஊரில் குளிர் இல்லாவிட்டாலும் மழைக் காலம் உண்டு. நிறுத்தி வைத்த வண்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏறுவதில் என்ன நஷ்டம்?

சாம்பு பிறந்ததும் ஒரு கம்ப்ரஸர் அறையின் பின்புறத்தில், மரப் பேலட்டுகளின் அடுக்குக்குள். பிறந்த பூனைக்குட்டிக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறமை முதல் சில வாரங்களில் கிடையாது. தாய் அந்த வெதுவெதுப்பான மூலையைத் தேர்ந்தெடுத்ததில் அறிவு இருந்தது. பேலட்டுகளை அள்ளும் நாள் வந்தபோது, அவள் ஒவ்வொரு குட்டியாகப் பிடரியில் கவ்வி, ஃபோர்க்லிஃப்ட் போகும் மஞ்சள் கோட்டைக் கடந்து எடுத்துப்போனதை நைட் ஷிப்டில் இருந்த நாங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திப் பார்த்தோம். கடைசிக் குட்டியை எடுக்க அவள் திரும்பவில்லை.

ஸ்ரீபெரும்புதூர்க்காரனுக்கு அந்தக் காட்சி வேறொன்றையும் நினைவூட்டும். 1017இல் இவ்வூரில் ராமாநுஜர் அவதரித்தார் என்பது மரபு. அவருக்குப் பிற்பட்ட வைஷ்ணவ ஆசாரியர்கள், ஜீவன் ஈசுவரனைப் பற்ற வேண்டுமா, ஈசுவரனே ஜீவனைப் பற்றிக்கொள்வானா என்று விசாரித்தபோது, தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலையாரும், தாயே கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையாரும் திருஷ்டாந்தமாகச் சொன்னார்கள். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று அவற்றுக்குப் பெயர். அன்றிரவு நான் அருகிருந்து கவனித்ததில் தெரிந்தது, கவ்விய கணத்திலேயே குட்டி பின்னங்கால்களையும் வாலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு, சத்தமின்றி, ஒரு பந்தைப் போலத் தன்னைச் சுருட்டிக்கொள்கிறது. 2013இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் எலிக்குட்டிகளையும் மனிதக் குழந்தைகளையும் ஆராய்ந்து, தாய் தூக்கிச் செல்லும்போது குட்டியின் அழுகை அடங்குவதோடு இருதயத் துடிப்பும் தணிகிறது என்று கண்டார்கள். சமய சித்தாந்தத்துக்கு இது தீர்ப்புச் சொல்லாது. குட்டியும் தன்னாலியன்றதைச் செய்கிறது என்பதைப் பார்த்ததில் எனக்கு உண்டான சந்தோஷத்தை மட்டும் சொல்லிவைக்கிறேன். விடப்பட்ட அந்தக் குட்டியை ஷிப்ட் முடிந்து என் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் என் மார்புச் சூட்டில் உறங்கினான்.

இன்று காலை ஓட்டம் முடிந்து திரும்பியபோது மணி ஐந்தேகால். சாம்பு திண்ணையின் சிமெண்டுத் தரையில் வயிற்றை முழுதும் பதித்துக் கிடந்தான். செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வேர்வை வழிந்து உலர்ந்து, உப்பு வெள்ளையாகக் கோடிட்டிருந்தது. அவன் எழுந்து வந்து மோந்து பார்த்து, என் கெண்டைக்காலை நக்கத் தொடங்கினான். உப்புத்தாள் தேய்ப்பது போலச் சொரசொரத்தது. அவன் நாக்கு பட்டு ஈரமான இடத்தில், தெருவிலிருந்து வந்த காற்று படப்படச் சில்லென்றிருந்தது.